சைலன்ட் ஹில் 2: மிச்சம் பிடித்த மருந்தும் ஒரு முடிவும்

சைலன்ட் ஹில் 2 விளையாட்டை முதன்முறை முடித்தபோது என் கையிருப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட மருந்துகள் மிச்சம் இருந்தன. சத்துப்பானப் புட்டி, முதலுதவிப் பெட்டி, ஆம்பூல் என்று மூன்று வகையையும் வழியெல்லாம் பொறுக்கி எடுத்து, கடைசியில் வரப்போகும் பெரிய சண்டைக்கு உதவும் என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். கதாநாயகன் ஜேம்ஸ் சன்டர்லேண்ட் அடிபட்டு, உடல்நிலையைக் காட்டும் திரையில் அவன் படம் சிவந்து, கன்ட்ரோலர் இதயத்துடிப்பைப் போல என் உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டிருந்தபோதும், இன்னும் ஓர் அடி தாங்குவான் என்று கணக்குப் போட்டு அவனை நடத்திக்கொண்டே போனேன். முடிவில் திரை இருண்டது. கார் சீறிப் பாயும் ஓசை கேட்டது. ஜேம்ஸ் ஏரிக்குள் போய்விட்டான்.

கதையின் முடிவே அதுதான் என்று பல மாதங்கள் நம்பியிருந்தேன். அந்தப் பிளேஸ்டேஷன் 2 கருவியை எனக்கு இரவல் கொடுத்த நண்பனிடம் ஒருநாள் இதைப் பற்றிப் பேசியபோது, தான் விளையாடிய ஜேம்ஸ் சாகவில்லை என்றும், ஒரு சிறுமியோடு ஊரைவிட்டு நடந்து போய்விட்டான் என்றும் சொன்னான். இருவரும் ஒரே வட்டில், ஒரே கருவியில்தான் விளையாடியிருந்தோம். எங்கேயும் 'இதைச் செய்வாயா, அதைச் செய்வாயா' என்று விளையாட்டு எங்களைக் கேட்டதில்லை. பிறகு விவரம் தெரிந்தவர்கள் எழுதியதைப் படித்தபோதுதான் புரிந்தது. அடிபட்டபின் மருந்து எடுத்துக்கொள்ளாமல் காலம் கடத்துவதை, 'இவனுக்கு உயிர்மேல் ஆசை இல்லை' என்பதற்கான அடையாளமாக அந்த விளையாட்டு ஓசையில்லாமல் குறித்துக்கொண்டே வந்திருக்கிறது.

கிடைத்த கொஞ்சத்தைச் சிக்கனமாகச் செலவிட்டு உயிர்பிழைக்க வைக்கும் திகில் விளையாட்டுகளை சர்வைவல் ஹாரர் என்பார்கள். அந்த வகையின் இரண்டாம் பாகங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். எதை எடுத்துக்கொண்டாலும் எண்ணம் இந்த ஒன்றிலேயே வந்து நிற்கிறது. ஆகவே இதை மட்டுமே எழுதுகிறேன். கதையின் கடைசி இரகசியம் வரை சொல்லாமல் இதை மதிப்பிட முடியாது என்பதால், இனிமேல்தான் விளையாடப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு, முடித்துவிட்டுத் திரும்பி வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

திகில் விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு மற்ற வகைகளுக்கு இல்லாத ஒரு சங்கடம் உண்டு. பந்தய விளையாட்டின் அடுத்த பாகத்தில் புதிய கார்களும் புதிய சாலைகளும் சேர்ந்தால் போதும், வாங்கியவர் மகிழ்ச்சி அடைவார். திகிலுக்கு அது போதாது, ஏனென்றால் முதல் பாகத்தை முடித்தவர் அச்சத்தின் இலக்கணத்தையே கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். கதவைத் திறந்தால் என்ன வரும், எவ்வளவு தோட்டா மிச்சம் வைக்க வேண்டும், எந்த இடத்தில் சேவ் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவருக்குப் பழகிவிட்டன. பழகியவரை மறுபடியும் அஞ்ச வைக்கப் பெரும்பாலான தொடர்ச்சிகள் எண்ணிக்கையை நாடுகின்றன: பத்து அரக்கர் இருந்த இடத்தில் ஐம்பது பேர், கைத்துப்பாக்கி இருந்த இடத்தில் எந்திரத் துப்பாக்கி. அதற்குப் பிறகு அது திகில் விளையாட்டாக இருப்பதில்லை, சண்டை விளையாட்டாகிவிடுகிறது. சைலன்ட் ஹில் 2 வேறு வழியில் போனது. விளையாடுபவர் முதல் பாகத்திலிருந்து கொண்டுவந்த பழக்கத்தையே எடுத்து, அதைக் கதாநாயகனின் மனநிலையாக மாற்றிக் கதைக்குள் சேர்த்துக்கொண்டது. சிக்கனம் பிழைப்பதற்கான வழி என்று நான் கற்றிருந்தேன். சாவுக்கான விருப்பம் என்று விளையாட்டு அதை வாசித்தது.

முதல் பாகம் 1999ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதலாவது பிளேஸ்டேஷனுக்காக வந்தது. கொனாமி நிறுவனத்துக்குள் பின்னர் டீம் சைலன்ட் என்று பெயர் பெற்ற குழு அதைச் செய்தது. ஹாரி மேசன் என்னும் தந்தை காணாமல் போன மகள் செரிலைத் தேடி, மூடுபனி சூழ்ந்த ஒரு சிற்றூரில் அலைவதுதான் கதை. அந்த ஊரில் ஒரு மறைவழிபாட்டுக் கூட்டம் இருந்தது, ஒரு தெய்வத்தைப் பிறப்பிக்கும் முயற்சி இருந்தது. அந்தப் பனிக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. அந்தக் கருவியால் தெரு முழுவதையும் ஒரே நேரத்தில் வரைந்து காட்ட இயலாது என்பதால், வரைய முடியாததைப் பனியாலும் இருட்டாலும் மூடினார்கள். அந்த மறைப்பே படைப்பின் முகமாகிவிட்டது.

2001 செப்டம்பரில் இரண்டாம் பாகம் வந்தபோது பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு அந்த வறுமை இல்லை. தெருவின் கோடி வரை காட்டியிருக்க முடியும். ஆனாலும் மசாஷி சுபோயாமாவின் இயக்கத்தில் அந்தக் குழு பனியை வைத்துக்கொண்டது. வைத்துக்கொண்டதோடு நில்லாமல் அதற்கு அசைவும் கொடுத்தது. ஜேம்ஸ் ஓடும்போது பனி அவனைச் சுற்றிச் சுழன்று, விலகி, மீண்டும் மூடிக்கொள்வதைத் தெருவில் சற்று நின்று பார்த்தால் தெரியும். முதல் பாகத்தில் தேவையாக இருந்தது இரண்டாம் பாகத்தில் விருப்பமாக மாறியதற்கு ஒரு பொருள் இருக்கிறது என்று நினைக்கிறேன்: தன் கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பார்க்க விரும்பாத ஒருவனின் கதைக்குப் பனியை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. இதன் அருமை பிற்காலத்தில் வேறொரு வகையில் வெளிப்பட்டது. முழுமையடையாத பழைய நிரலை வைத்துக்கொண்டு 2012ஆம் ஆண்டில் எச்.டி. என்னும் உயர்தெளிவுத் தொகுப்பு ஒன்று வெளியிடப்பட்டபோது, ஜேம்ஸ் படகில் ஏரியைக் கடக்கும் காட்சியில் பனி சரியாக அமையவில்லை. கட்டி முடிக்கப்படாத நிலத்தின் விளிம்புகள் வெளியே தெரிந்தன, காட்சியின் உயிரே போய்விட்டது.

பனியையும், இரைச்சலிடும் வானொலியையும், மார்பில் மாட்டிய கைவிளக்கையும் எடுத்துக்கொண்ட இரண்டாம் பாகம், கதையை எடுத்துக்கொள்ளவில்லை. ஹாரி இல்லை, செரில் இல்லை, வழிபாட்டுக் கூட்டம் கதையின் நடுவே இல்லை. முதல் பாகத்தை விரும்பியவர்கள் விட்ட இடத்திலிருந்து கதை தொடரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அந்தத் தொடர்ச்சி 2003ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பாகத்தில்தான் கிடைத்தது. இங்கே நமக்குக் கிடைப்பவன் ஒரு சாதாரண எழுத்தர். மூன்றாண்டுகளுக்கு முன் நோயில் இறந்துபோன தன் மனைவி மேரியிடமிருந்து, 'நமக்கான அந்த இடத்தில் காத்திருக்கிறேன்' என்று கடிதம் வந்ததாகச் சொல்லிக்கொண்டு வருகிறான். சாலையோரக் கழிவறையின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபடி அவன் நிற்பதுதான் முதல் காட்சி. அதன்பின் ஊருக்குள் இறங்கும் ஒற்றையடிப்பாதை. அது ஒரு விளையாட்டுக்குத் தகாத அளவுக்கு நீளமானது. எதிரி இல்லை, எடுக்கப் பொருள் இல்லை, காலடி ஓசையும் பனியும் மட்டுமே. திரும்பிப் போய்விடலாம் என்ற எண்ணம் வரும் அளவுக்கு அது நீள்கிறது. அதன்பின் திரும்பிப் போவதே பெரும்பாடு என்ற எண்ணம் வரும் வரை மேலும் நீள்கிறது. அந்த நடையில் பொறுமை இழந்து விளையாட்டை மூடிவிட்டவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சில நிமிடங்களைச் சுருக்கியிருந்தால் இந்தப் படைப்பு வேறொன்றாகியிருக்கும் என்பதே என் உறுதியான கருத்து.

ஊருக்குள் ஜேம்ஸ் சந்திக்கும் மனிதர்கள் மிகச் சிலர். ஏஞ்சலா என்னும் இளம்பெண் தன் தாயைத் தேடுகிறாள். எடி என்பவன் எதையோ செய்துவிட்டு ஓடி வந்திருக்கிறான். மரியா என்பவள் மேரியின் முகத்தோடும் வேறொரு குணத்தோடும் வந்து ஒட்டிக்கொள்கிறாள். லாரா என்னும் எட்டு வயதுச் சிறுமி தெருவில் பாடித் திரிகிறாள். திரைக்கதை எழுதிய ஹிரோயுகி ஒவாகு இவர்களைக் கொண்டு செய்த வேலை, முதல் பாகம் கட்டிய ஊரை அடியோடு மாற்றிவிட்டது. ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊரைப் பார்க்கிறார்கள். எடியின் ஊர் தன்னைப் பார்த்துச் சிரிப்பவர்களால் நிறைந்தது, குளிர்ந்த இறைச்சிக் கிடங்கில் போய் முடிவது. ஏஞ்சலாவின் ஊர் எரிகிறது. லாராவுக்கு மட்டும் அங்கே ஒன்றுமே இல்லை. அரக்கர்கள் நடமாடும் மருத்துவமனைக்குள் அவள் பொம்மைகளோடு விளையாடிக்கொண்டிருக்கிறாள், குடியிருப்பில் ஜேம்ஸ் எடுக்க முயலும் சாவியைக் காலால் எத்திவிட்டு ஓடுகிறாள். முதன்முறை விளையாடியபோது இதைக் கதையின் ஓட்டை என்று நினைத்தேன். இரண்டாம் முறைதான், மறைக்க எதுவும் இல்லாதவளுக்கு அந்த ஊர் காட்டுவதற்கும் எதுவும் இல்லை என்பது புரிந்தது.

பழைய இலக்கண நூலார் அச்சம் பிறக்கும் இடங்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்று நான்காக வகுத்தார்கள். திகில் விளையாட்டுகள் பெரும்பாலும் முதல் மூன்றோடு நின்றுவிடுகின்றன: பேய் வரும், மிருகம் பாயும், ஆயுதத்தோடு ஒருவன் துரத்துவான். நான்காவது வேறு வகை. தண்டிக்கும் உரிமை உடையவர் முன்னால் நிற்கும்போது வருவது அது, தவறு செய்தவனுக்கே முழுமையாக வருவது. இந்த விளையாட்டின் அச்சம் அந்த நான்காவது இடத்திலிருந்து பிறக்கிறது. மசாஹிரோ இட்டோ வடிவமைத்த பிரமிட் ஹெட் என்னும் உருவத்தை ஜேம்ஸ் முதலில் காண்பது ஒரு குடியிருப்பின் நடைவழியில், இரும்புக் கம்பிகளுக்கு அப்பால். முக்கோணத் தலைக்கவசத்தோடு, சிவந்த ஒளியில் அது அசையாமல் நிற்கிறது. பாய்வதில்லை, கத்துவதில்லை. வானொலி மட்டும் காது கிழியும்படி இரைகிறது. அது நம்மைத் துரத்தியிருந்தால் ஓடியிருப்போம். நின்று பார்ப்பதால் என்ன செய்வதென்று தெரியாமல் நாமும் நிற்கிறோம். பிற்பாடு ஊரின் வரலாற்றுச் சங்கக் கட்டடத்தில், அதே உருவம் தண்டனை நிறைவேற்றிவிட்டு நிற்பது போன்ற ஓர் ஓவியம் தொங்குகிறது. அதற்கும் பிறகு, தூக்குக் கயிறுகள் தொங்கும் இடத்தில் குற்றவாளிகளைப் பற்றிய வரிகளைப் படித்து அவர்களுள் குற்றமற்ற ஒருவனைக் கண்டுபிடிக்கச் சொல்லும் புதிர் வருகிறது. விளையாடுபவர் நீதிபதியாக உட்கார்ந்து பிறர் குற்றத்தை எடைபோட்டுக்கொண்டிருக்கும்போது, தான் யாரை நடத்திக்கொண்டு போகிறோம் என்பது அவருக்கே இன்னும் தெரியாது.

இதனால்தான் அந்த உருவத்தைப் பிற்காலத்தில் திரைப்படத்திலும், 2008ஆம் ஆண்டின் ஹோம்கமிங் பாகத்திலும் கொண்டுவந்து நிறுத்தியது எனக்குப் பெரும் வருத்தத்தைத் தந்தது. அது ஊரின் காவல் பூதம் அன்று. ஜேம்ஸ் கேட்டு வாங்கியது. தான் பலவீனமாக இருந்ததால்தான் தன்னைத் தண்டிக்க அது தேவைப்பட்டது என்று அவனே கடைசியில் சொல்கிறான். அதன்பின் அது அவனைக் கொல்வதில்லை, தன் ஈட்டியால் தன்னையே குத்திக்கொண்டு விழுகிறது. வேறொருவன் கதையில் அதற்கு வேலை இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விளையாட்டைக் கொண்டாடுகிறவர்கள் அவற்றைப் பேசுவதே இல்லை. சண்டை மந்தமானது. ஆணி அடித்த பலகையையோ இரும்புக் குழாயையோ தூக்கி ஓங்கி, எதிரி விழுந்ததும் காலால் மிதித்தால் முடிந்தது. பெரும்பாலான அரக்கர்களுக்கு இது போதும். இயல்பு நிலையில் விளையாடினால் தோட்டாக்களும் மருந்துகளும் தேவைக்கு மீறிக் கிடைக்கின்றன, ஆகவே பற்றாக்குறையால் வரும் பதற்றம் பாதி வழியிலேயே ஆறிவிடுகிறது. முதல் பாகத்தில் தெருவில் பறந்து வரும் உயிரினங்களிடமிருந்து தப்பி ஓடியபோது இருந்த மூச்சிரைப்பு இங்கே இல்லை. சண்டைக்கும் புதிருக்கும் கடினத்தைத் தனித்தனியாகத் தேர்ந்துகொள்ளலாம் என்பது நல்ல ஏற்பாடு. புதிரின் நிலையை உயர்த்தினால் நாணயங்களைப் பொருத்தும் இடத்தில் படிக்கக் கிடைக்கும் பாட்டின் வரிகளே மாறிக் கடுமையாகின்றன. ஆனாலும் சண்டையைக் கடினமாக்கினால் அடி அதிகம் விழுகிறதே ஒழிய அச்சம் கூடுவதில்லை.

அச்சத்தைக் கூட்டுவது அகிரா யமாவோகாவின் ஒலி. அரக்கன் நெருங்கினால் வானொலி இரையும் என்பது முதல் பாகத்திலேயே நாம் கற்ற விதி. இங்கே அந்த விதியை நம்ப வைத்துவிட்டு, பிறகு மெல்லக் கைவிடுகிறார்கள். சிறைச்சாலையின் அறைகளில் கம்பிக்கு அப்பால் எதுவோ முனகுகிறது, விளக்கடித்துப் பார்த்தால் ஆள் இல்லை. ஏரிக்கரை விடுதியில் பணியாளர் லிஃப்ட் ஒன்று இருக்கிறது. அது ஒருவர் எடைக்குமேல் தாங்காது என்பதால் ஜேம்ஸ் தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துவிட்டுத்தான் அதில் ஏற முடியும். துப்பாக்கியும், நான் சேர்த்த மருந்துகளும், வானொலியும், விளக்கும் எல்லாமே. கீழே இறங்கியபின் ஜேம்ஸின் காலடி ஓசை மட்டும் கேட்கும் அந்த நடைவழிகளில் நான் மிகவும் பயந்துபோனேன். அத்தனை ஆயுதங்களை விளையாட்டு எனக்கு அள்ளிக் கொடுத்தது இந்தச் சில நிமிடங்களுக்காகத்தானோ என்று தோன்றியது.

அதே விடுதியில்தான் கதையின் முடிச்சு அவிழ்கிறது. அவிழும் விதம் இந்தத் துறையில் நான் கண்டவற்றுள் மிக நுட்பமானது. மேரி மருத்துவமனையில் இருந்தபோது தனக்கு எழுதிய கடிதத்தை லாரா காட்டுகிறாள். அதில் அவளுடைய எட்டாவது பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறது. உனக்கு எத்தனை வயது என்று ஜேம்ஸ் கேட்கிறான். போன வாரம்தான் எட்டு முடிந்தது என்கிறாள் குழந்தை. அப்படியானால் மேரி இறந்து மூன்றாண்டு ஆகியிருக்க முடியாது. ஒரு சிறுமியின் வயதைக் கொண்டு ஒரு மனிதனின் முழுப் பொய்யும் இடிந்து விழுகிறது. அதன்பின் 312ஆம் எண் அறையில் ஓர் ஒளிநாடா. நோயில் படுத்திருந்த மனைவியின் முகத்தில் தலையணையை வைத்து அழுத்தியவன் அவனேதான். அந்தக் காட்சிக்குப் பின் கையிருப்பைத் திறந்து, தொடக்கத்திலிருந்து நாம் தூக்கிச் சுமந்த மேரியின் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். எழுத்துகள் மறைந்து வெறும் தாளாக இருக்கும். பிறகு அதுவும் இருக்காது. எந்தக் காட்சியும் இதைச் சுட்டிக் காட்டுவதில்லை, பைக்குள் கைவிட்டுப் பார்த்தவருக்கு மட்டுமே தெரியும்.

கடைசி அரக்கிக்கு முன் ஒரு நீண்ட நடைவழி வருகிறது. அங்கே குரல்கள் மட்டும் கேட்கின்றன. ஜேம்ஸ் பூக்களோடு மருத்துவமனைக்குப் போகிறான். பூ எதற்கு, போய்விடு, பார்க்கவே சகிக்காமல் கிடக்கிறேன் என்று மேரி கத்துகிறாள். அடுத்த மூச்சில் போகாதே, பக்கத்தில் இரு, சரியாகிவிடும் என்று சொல் என அழுகிறாள். எங்கள் வீட்டில் பாட்டி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் படுக்கையில் இருந்தார். கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, எனக்கு ஒன்றும் வேண்டாம், எல்லாரும் போங்கள் என்பார். அம்மா அறை வாசலைத் தாண்டுவதற்குள், எங்கே போகிறாய், இப்படி உட்கார் என்பார். அம்மா திரும்பி வந்து உட்காருவார். அவர் முகத்தில் அப்போது இருந்ததை என்னவென்று சொல்ல எனக்கு நெடுநாள் வரை சொல் கிடைக்கவில்லை. கண்ணீருக்கும் களைப்புக்கும் நடுவே, இது எப்போது முடியும் என்ற எண்ணமும், அப்படி எண்ணியதற்கான குற்றவுணர்வும் கலந்திருந்தன. ஒரு விளையாட்டின் இருண்ட நடைவழியில் அதே கலவை குரலாக வந்தபோது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். ஜேம்ஸ் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை, விளையாட்டும் நியாயப்படுத்தவில்லை. அவன் வெறுத்தான், நேசித்தான், தன் வாழ்க்கை திரும்ப வேண்டும் என்று விரும்பினான் என்று மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. மேரியின் குரலாக மோனிகா ஹோர்கன் கடைசியில் கடிதம் முழுவதையும் வாசிக்கும்போது, அவர் குரல் உடைகிற இடங்களை இன்றும் என்னால் சரியாக நினைவுகூர முடிகிறது.

இனி முடிவுகளைத் தீர்மானிக்கும் முறைக்கு வருகிறேன், இந்தத் தொடர்ச்சியின் உண்மையான சாதனை அங்கேதான் இருக்கிறது. மேரியின் படத்தையும் கடிதத்தையும் எடுத்துப் பார்த்தோமா, காயம் பட்டதும் மருந்து எடுத்துக்கொண்டோமா, அந்த நடைவழி உரையாடலை முழுமையாகக் கேட்டோமா, மரியாவைப் பக்கத்திலேயே வைத்துக் காத்தோமா, மருத்துவமனை அறையில் அவள் படுத்தபின் திரும்பப் போய்ப் பார்த்தோமா, மாடியில் கிடந்த நாட்குறிப்பைப் படித்தோமா என்பவற்றை எல்லாம் விளையாட்டு கணக்கில் கொள்கிறது. இவற்றுள் ஒன்று ஏஞ்சலாவின் கத்தி. குடியிருப்பில் அவளிடமிருந்து ஜேம்ஸ் அதை வாங்கி வைத்துக்கொள்கிறான். அதைக்கொண்டு சண்டையிட முடியாது, எந்தப் பூட்டும் திறக்காது. ஏதாவது துப்பு இருக்குமோ என்று நான் அதைப் பலமுறை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அப்படிப் பார்ப்பதும் ஏரியை நோக்கி ஓர் அடி என்று எனக்கு அப்போது தெரியாது. கடைசியில் எரியும் மாடிப்படியில் ஏஞ்சலா அந்தக் கத்தியைத் திருப்பிக் கேட்கிறாள். ஜேம்ஸ் மறுக்கிறான். உனக்கென்று வைத்துக்கொள்கிறாயா என்று அவள் கேட்க, நான் அப்படிச் செய்ய மாட்டேன் என்கிறான். இங்கே தாங்க முடியாத வெப்பம் என்று அவன் சொல்லும்போது, உனக்கும் தெரிகிறதா, எனக்கு எப்போதுமே இப்படித்தான் என்று சொல்லிவிட்டு அவள் நெருப்புக்குள் ஏறிப் போகிறாள். முதன்முறை அந்தக் காட்சியில் நான் ஏஞ்சலாவை மட்டுமே பார்த்தேன். என் பையில் இருந்த கத்தியைப் பற்றியும் அவள் பேசிவிட்டுப் போனாள் என்பது இரண்டாம் முறைதான் உறைத்தது.

நல்லது கெட்டது என்று இரண்டு விடைகளைத் திரையில் நீட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லும் விளையாட்டுகள் ஏராளம். அங்கே நாம் எப்படிப்பட்டவராகத் தோன்ற வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கிறோம். இங்கே யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் செய்தவை எடைபோடப்படுகின்றன. இதற்கு ஒரு தடை உண்டு. இணையத்தில் பட்டியலைப் படித்துவிட்டு விளையாடுகிறவருக்கு அந்த நுட்பம் வெறும் கணக்காகிவிடுகிறது. மருந்தை உடனே குடி, படத்தை இரண்டு முறை பார் என்று வேலை செய்துகொண்டு போவார். முதன்முறை ஒன்றும் தெரியாமல் விளையாடுவதே இதற்கு உரிய மரியாதை.

2024 அக்டோபர் 8 அன்று, போலந்தைச் சேர்ந்த புளூபர் டீம் செய்த இதன் மறுஆக்கம் பிளேஸ்டேஷன் 5 கருவிக்கும் கணினிக்கும் வெளிவந்தது. யமாவோகாவும் இட்டோவும் அதில் பங்கெடுத்தார்கள். எனக்குப் பெரும் தயக்கம் இருந்தது. முதல் சில மணி நேரத்திலேயே அது பெருமளவு நீங்கிவிட்டது. கேமரா ஜேம்ஸின் தோளுக்குப் பின்னால் வந்துவிட்டதால் சண்டை உண்மையிலேயே சண்டையாகியிருக்கிறது. விலகி ஒதுங்கலாம், குறி தவறும், தோட்டா தீர்ந்துபோகும். பழைய விளையாட்டின் பெரிய குறை இதனால் தீர்ந்தது. பழையதில் எங்கோ பார்த்தபடி பேசும் ஜேம்ஸின் குரலில் ஒரு விலகல் இருக்கும்; இதில் லூக் ராபர்ட்ஸ் முகத்தாலேயே நடிக்கிறார், அவர் கண்கள் முதல் காட்சியிலிருந்தே எதையோ தெரிந்துவைத்திருக்கின்றன. நடத்தையைப் பார்த்து முடிவைத் தீர்மானிக்கும் முறையை விட்டுவிடாமல், மேலும் 2 புதிய முடிவுகளையும் சேர்த்திருக்கிறார்கள்.

இழந்தவையும் உண்டு. பழைய கேமரா அறையின் மூலையிலோ கூரையிலோ நின்று பார்க்கும். அரக்கனின் ஓசை ஜேம்ஸுக்கு எதிரில் கேட்கும், நமக்குத் தெரிவதோ அவனுடைய முகம் மட்டுமே. அவன் தலை தானாக ஒரு பக்கம் திரும்புவதைக் கண்டு அங்கே ஏதோ கிடக்கிறது என்று ஊகிப்போம். தோளுக்குப் பின்னால் வந்தபின் அந்த வகை அச்சத்துக்கு இடமில்லை. நீளமும் கூடிவிட்டது. குடியிருப்பும் மருத்துவமனையும் சிறையும் பல மடங்கு விரிந்ததில் சில தளங்கள் வெறும் வேலையாக நிற்கின்றன. இரண்டு சோடிக் கால்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியது போன்ற மேனிகன்கள் இதில் கதவோரத்தில் ஒளிந்திருந்து பாய்கின்றன. முதல் தடவை உயிர் போய்விட்டு வந்தது. பத்தாவது தடவை அறைக்குள் நுழையுமுன் மூலையைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பழையதில் ஒரு குடியிருப்பு அறையில், மேரியின் உடையை அணிவித்த தையல்காரர் பொம்மையின் மார்பில் கைவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஜேம்ஸ் அதை எடுத்ததும் இருட்டிலிருந்து ஒரு மேனிகன் அசைந்து எழும். மனைவியின் உடை, அதன்மேல் வெளிச்சம், அதற்குப் பின்னால் அரக்கன் என்று ஒரே அறையில் மூன்றையும் வைத்த அந்த ஒரு தடவைக்கு, பின்னால் வரும் எத்தனை பாய்ச்சலும் ஈடாகவில்லை.

இருந்தாலும் இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு மறுஆக்கத்தையே பரிந்துரைப்பேன். பழைய கருவியும் வட்டும் கிடைப்பது அரிது, கணினியில் உழைத்து ஓட்டும் பொறுமை எல்லாருக்கும் இருக்காது. இரண்டையும் விளையாட வாய்ப்புள்ளவர் பழையதை முதலில் விளையாட வேண்டும்.

அண்மையில் பழையதை மூன்றாம் முறையாகத் தொடங்கினேன். பட்டியல் எதையும் மனத்தில் வைத்துக்கொள்ளாமல், அடிபட்டதும் மருந்து கொடுத்தேன். சிவப்பு ஏறும் வரை அவனை ஒருபோதும் விடவில்லை. சேவ் செய்யும் சிவப்புச் சதுரத்தின் முன்னால் நிற்கும் ஒவ்வொரு முறையும் கடிதத்தை எடுத்துப் படித்தேன், எழுத்து மறைந்தபின் வெறும் தாளையும் எடுத்துப் பார்த்தேன். கத்தியைத் தொடவில்லை. நடைவழியில் மேரி அழுது முடிக்கும் வரை நின்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். கடைசியில் கையிருப்பில் நான்கே நான்கு புட்டிகள் இருந்தன. கல்லறைத் தோட்டத்தின் வழியே லாரா முன்னால் நடந்தாள். சற்றுப் பின்னால் ஜேம்ஸ் போனான். இருவரையும் பனி மூடியபின் மேரியின் கடிதம் திரையில் வந்தது.